‘வேணாமோய்’ என்று ஒரு ஸ்பானிஷ் பாட்டு

உங்கள் பாட்டுக் கம்பெனி அலுவலகத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்ட அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார், பாஷையே புரியாத பாட்டை உங்கள் ஊர்ப் பக்கம் எப்படி சார் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்று. அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. நீங்களும் எழுந்துவிட்டீர்கள், நானும் எழுந்துவிட்டேன். பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. கேள்விதான் அப்படியே கிடக்கிறது. ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேறு என்ன வேலை, எழுதி அனுப்புகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்விடலாம், கோபிக்க மாட்டேன்.

‘லத்தீன் மாற்றிசை’ என்று நீங்கள் இன்றைக்கு அழகாகச் சொல்கிறீர்கள். இரண்டாயிரம் பிறந்த புதிதில் விருதுநகரில் அதற்குப் பெயர் ‘ஸ்பானிஷ் கேசட்’. பம்பாய்க் கம்பெனி ஒன்று லத்தீன் அமெரிக்க நாட்டுக் குழுக்களின் பாட்டுகளை வாங்கி இந்தியாவில் வெளியிட்டது. கேசட்டின் மேலட்டை சிவகாசியில் அச்சானது. பிரஸ்ஸில் வேலை பார்த்த நண்பன், மாதிரிக்கு வந்த கேசட் ஒன்றைப் பஜாரில் இருந்த என் கடையில் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது நான் சினிமாப் பாட்டு கேசட் விற்றுக்கொண்டிருந்தேன். நல்ல வியாபாரம், அலுப்பான வியாபாரம்.

அந்தக் கேசட்டைப் போட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மேல்நாட்டு கிதார் ஒரு பக்கம், கல்யாண ஊர்வலத்து பேண்டு செட் போல டிரம்பெட் ஒரு பக்கம், நடுவில் அவர்கள் ஊர்க் கொட்டு. பாடுகிறவன் குரலில் ஒரு மினுக்கும் கிடையாது. தன் தெருவில் நின்று தன் தெருக்காரனிடம் பேசுகிற மாதிரி பாடினான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் இவன் ஊர் நம் ஊர் மாதிரிதான் இருக்கும், வெயில் காயும், பஸ் தாமதமாக வரும் என்று தோன்றியது. எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் தெளியவில்லை.

பம்பாய்க்கு எழுதிப்போட்டு, தென் மாவட்டங்களுக்கு அவர்களுடைய விற்பனை ஆளாக ஆனேன். அத்தாவுக்கு மல்லி வத்தல் மண்டி. விளங்காத பாட்டை விளங்காத ஆளுக்கு விற்கப் போகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு என் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மண்டிக்கு வருகிறவர்களிடம் மட்டும், மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், கணக்கு எழுதுகிறான் என்று சொல்லிவைத்தார்.

அத்தா சொன்னதுபோலத்தான் ஆனது. கடைகளில் ஒரு கேசட்கூட நகரவில்லை. மதுரையில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். இசைத்தட்டுக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் ஊறியவர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவு திட்டியிருக்கிறார் என்னை. நான் போனில் புலம்புவதைக் கேட்டுவிட்டு, உங்கள் ஜில்லாவில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடம் எது என்று கேட்டார். எங்கள் பக்கம் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போய்விடுகிறார்கள் என்றேன். எதில் போகிறார்கள் என்று கேட்டார். வேனில் என்றேன். போனை வைத்துவிட்டார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்கள். காலையிலும் மாலையிலும் அதில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கைக்கு வேலை இல்லை, காதுக்கும் வேலை இல்லை. எல்லா வேனிலும் டேப் ரிக்கார்டர் உண்டு.

ஏழாயிரம்பண்ணைக்கு ஓடிய வேன் ஒன்றின் டிரைவர் கருப்பசாமி எனக்குப் பழக்கம். சினிமாப் பாட்டு கேசட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தேன், அதற்குக் கூலியாக இந்தக் கேசட்டையும் போட வேண்டும் என்றேன். முதல் வாரம் பெண்கள் அவனைத் திட்டியிருக்கிறார்கள். ‘அண்ணே, அந்த வயித்து வலிக்காரன நிப்பாட்டுங்க’ என்றார்களாம். கருப்பசாமி சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். நான் விடவில்லை. அடுத்த வாரம் யாரும் திட்டவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு பாட்டை மட்டும் திருப்பிப் போடச் சொன்னார்கள்.

அந்தப் பாட்டில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். ‘இ வென், அமோர்’ என்று பாடுவான். அந்த ‘வெ’யை ‘பெ’வுக்கும் ‘வெ’க்கும் நடுவில் வைத்துச் சொல்லுவான், கடைசி ‘ர்’ஐ விழுங்கிவிடுவான். வேன் இரைச்சலில், ஜன்னல் காற்றில், அது பெண்களுக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? ‘வேணாமோய்.’ எங்கள் பக்கத்தில், தூரத்தில் நிற்கிற ஆளிடம் மறுத்துச் சொல்லும்போது இப்படித்தான் இழுப்போம்.

வாரச் சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு வந்து, வேணாமோய் பாட்டு இருக்கா பாய் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் கேட்டவர் செல்லத்தாய். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற ரூமில் வேலை. நெடுநெடுவென்று உயரம், நல்ல குரல். வீட்டுக்காரர் நடமாட முடியாமல் கிடந்தார், மகள் சாத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள், வீடு இவர் சம்பளத்தில் ஓடியது. நான் பெரிய மனிதன் போல, அது வேணாமோய் இல்லம்மா, வெனமோர் என்று திருத்தினேன். ‘சரி பாய், அந்த வேணாமோய்யத் தாங்க’ என்றார்.

மதுரைக்காரரிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ‘அன்பே, வா’ என்பதுதான் அதற்கு அர்த்தம் என்றும் சொன்னார். அவன் வா வா என்று கூப்பிடுகிறான், இவர்கள் வேணாம் வேணாம் என்கிறார்கள். அர்த்தத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், கேட்கிறவர்களுக்கு மட்டும் சொல் என்றார். யாரும் கேட்கவில்லை.

அடுத்த லோடு கேசட்டுக்கு மேலட்டை அச்சாகும்போது நான் ஒரு காரியம் செய்தேன். கம்பெனிக்குச் சொல்லாமல், எங்கள் ஜில்லாவுக்குப் போகிற கேசட்டில் மட்டும் சிவப்பில் கொட்டை எழுத்தில் ‘வேணாமோய்’ என்று போட்டுவிட்டேன். வேன்களின் பின் கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கரும் அடித்தேன். அது தப்பு என்று பிற்பாடு பம்பாயில் இருந்து ஓலை வந்தது. தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்குகிறவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரோ அதுதான் சரக்கின் பெயர்.

அந்த வருஷம் தீபாவளி சீசனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. செல்லத்தாய் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி, அவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம், வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பும் கிஃப்ட் பாக்ஸ் ஒவ்வொன்றிலும் பட்டாசோடு ஒரு கேசட்டையும் வைத்துக் கொடுக்கலாம் என்று யோசித்தார். என் கடைக்கே வந்து கேட்டார். பாட்டின் சொற்களில் அவர் காது போகவில்லை, அந்த டிரம்பெட்தான் அவருக்குப் பிடித்துவிட்டது. மேலட்டையைப் பார்த்து, நல்ல பேரு வச்சீங்க பாய் என்று சிரித்துவிட்டுப் போனார். சிவகாசிப் பட்டாசு போகிற ஊருக்கெல்லாம் என் ஸ்பானிஷ் கேசட்டும் போகும் என்று நினைத்து நான் தரையில் நடக்கவில்லை. மண்டிக்குப் போய் அத்தாவிடம் சொன்னேன். அவர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்குள் ஏழாயிரம்பண்ணையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாது. பட்டாசுக் கம்பெனிக்குள் ரேடியோ, டேப் எதையும் கொண்டுபோக முடியாது. கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் மருந்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அதனால் கேசட் வேனோடு நின்றுவிட்டது, பாட்டு பெண்களின் வாயோடு உள்ளே போய்விட்டது. பொழுது அடைந்த பிறகு மருந்துக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பதும் சட்டம்தான். ஆனால் சீசன் நெருங்கினால் ஆர்டர் குவியும். இன்னும் கொஞ்ச நேரம் இருங்க, இந்தத் தட்டை முடிச்சிட்டுப் போங்க என்று போர்மேன் வந்து நிற்பார். மங்கின வெளிச்சத்தில், அசந்த கையோடு மருந்து செலுத்தினால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு சாவு வீடு ஞாபகம் இருக்கும். ஆனாலும் முடியாது என்று நேருக்கு நேர் சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னால் மறுநாள் வேனில் இடம் இருக்காது.

அந்த வருஷம் போர்மேன் வந்து நின்றபோது செல்லத்தாய் பதில் பேசவில்லை. பாடினார். ‘வேணாமோய்’ என்று ஓர் இழுப்பு. பக்கத்து ரூமில் இருந்து ஒரு குரல் சேர்ந்தது, அதற்கடுத்த ரூமில் இருந்து இன்னொன்று. பாடிக்கொண்டே கையைக் கழுவி, பாடிக்கொண்டே வேனில் போய் ஏறிவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. பாட்டுப் பாடுகிறவர்களைப் போர்மேன் என்ன செய்வார்? முதலாளியிடம் போனார். டவுனில் இருந்து ஒரு பாய் வேலைக்காரிகளைக் கிளப்பிவிடப் பாட்டு எழுதி, நம் வேனிலேயே ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறான், முதல் குரல் கொடுக்கிறவள் செல்லத்தாய் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் மதியம் போல எனக்கு ஆள் வந்தது. கிஃப்ட் பாக்ஸ் விஷயம் என்று நினைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். ஆபீஸ் அறையில் அண்ணாச்சி இருந்தார். முகம் சரியில்லை. போர்மேன் ஒரு பக்கம், கதவோரமாகச் செல்லத்தாய். மேஜையில் என் கேசட்.

அண்ணாச்சி என்னை உட்காரச் சொன்னார். யார் எழுதிக் கொடுத்த பாட்டு இது, எந்தச் சங்கத்துக்காரன் உன் பின்னால் இருக்கிறான் என்று கேட்டார். அதுவரை என்னைப் பன்மையில் பேசியவர் ஒருமைக்கு இறங்கிவிட்டார். போர்மேனிடம் திரும்பி, நாளையில் இருந்து இந்தப் பொம்பளை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். கையில் அர்த்தம் இருக்கிறதே. அது தமிழே இல்லை அண்ணாச்சி என்றேன். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் தன் காதலியைக் கூப்பிடுகிற பாட்டு, வேணாம் என்பது கேட்கிறவர்களின் காது செய்த வேலை, உண்மையான அர்த்தம் ‘அன்பே, வா’ என்று விளக்கினேன். பம்பாய்க் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் மதுரைக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். போர்மேனைப் பார்த்து, ‘ஏலே, வான்னு கூப்பிடுற பாட்டுக்காலே பஞ்சாயத்தக் கூட்டுன?’ என்றார். எனக்கு மறுபடி ‘ங்க’ கிடைத்தது. கிஃப்ட் பாக்ஸ் கிடைத்தது. செல்லத்தாய்க்கும் வேலை கிடைத்தது. ‘கேட்டுக்கிட்டியாம்மா, பாட்டே வான்னுதான் சொல்லுதாம். பேசாம வந்து வேலையப் பாரு, சீசன் முடியற வரைக்கும் கொஞ்சம் கூடக்குறைய இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க’ என்றார்.

எல்லாம் சுபம் என்று நான் எழுந்தேன். செல்லத்தாய் நகரவில்லை.

“அந்தச் சீமைக்காரன் வான்னு பாடியிருக்கட்டும் மொதலாளி. நாங்க வேணாம்னுதான் பாடுனோம். பொளுதடஞ்ச பொறவு மருந்துக்கிட்ட உக்கார மாட்டோம்.”

சத்தமாகச் சொல்லவில்லை. விலை சொல்வது போலச் சொன்னார். அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. அவர் செல்லத்தாய்க்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க பாய். இதுல எது சரி?”

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு யோசிக்க நேரம் தர மாட்டார்கள். என் மண்டையில் என்னவெல்லாம் ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். கிஃப்ட் பாக்ஸ் ஓடியது. மண்டியில் அத்தாவின் முகம் ஓடியது. ‘வா’தான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதில் பொய்யும் கிடையாது. அகராதியே எனக்குச் சாட்சி சொல்லும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு இந்தப் பெண்கள் அத்தனை பேரும் இருட்டும்வரை உட்கார வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தெரியாதது போல இருக்க எனக்கு வராது, அது என் கோளாறு.

“ஸ்பானிஷ்ல அது வா, அண்ணாச்சி. ஏழாயிரம்பண்ணையில அது வேணாம்தான். நான் விக்கிறது ஏழாயிரம்பண்ணையில.”

அண்ணாச்சி கேசட்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மேஜையில் என் பக்கமாகத் தள்ளிவைத்தார். இது நம்ம டப்பாவுக்குள்ள வேணாம் பாய் என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. செல்லத்தாயிடம், நீயும் கிளம்பு, நாளைக்கு வர வேணாம் என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் வெளியே வந்தோம். செல்லத்தாய் வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். நான் செய்தது சரிதானா, ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனா என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் நடந்ததைக் கருப்பசாமி வந்து சொன்னான். காலையில் வழக்கம்போல வேனைக் கொண்டுபோய் ஊரில் நிறுத்தியிருக்கிறான். செல்லத்தாய் ஏற மாட்டார் என்று தெரிந்ததும் மற்றவர்களும் ஏறவில்லை. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. தூக்குவாளியோடு வந்து நின்றவர்கள் தூக்குவாளியோடு திரும்பிப் போய்விட்டார்கள். காலி வேனைக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் நிறுத்தி, அங்கன நின்னு ஆரன் அடிச்சேன் பாய் என்றான். ஆள் இல்லாத வேனுக்கு எதற்கு ஆரன் என்று கேட்டேன். மொதலாளி எட்டிப் பாக்கணும்ல என்றான்.

சீசன் நேரத்தில் ஒரு வேன் நிறைய ஆட்களை எங்கே போய்ப் பிடிப்பது? சாயங்காலம் போர்மேனே ஊருக்குப் போய்ச் செல்லத்தாயைக் கூப்பிட்டார். அதன் பிறகு தீபாவளிவரை அந்தக் கம்பெனி வேன் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பியது. அண்ணாச்சியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிஃப்ட் பாக்ஸில் மட்டும் சினிமாப் பாட்டு போனது. அத்தாவிடம் நான் போய்ச் சொல்வதற்குள் ஊரே சொல்லியிருந்தது. அதன் பிறகு அவர் மண்டிக்கு வருகிறவர்களிடம், மகன் பாட்டு விற்கிறான் என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று அழுதேன்.

அதன் பிறகு நான் மதுரைக்குப் போனேன், சென்னைக்குப் போனேன், அந்த நாட்டுக் குழுக்களை மேடை ஏற்றினேன். அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அன்றைக்குப் பாதிப் பேர் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டீர்கள். எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருப்பது அந்த வேன்கள்தான். அந்தப் புழுதி, அந்தப் பெண்களின் தலையில் இருந்த கனகாம்பரம், எல்லா இரைச்சலுக்கும் மேலே எழும்பும் டிரம்பெட். அப்படி ஓர் அரங்கம் பிறகு எனக்கு எந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

அந்தத் தீபாவளி கழிந்து வந்த தை மாதம் இருக்கன்குடி திருவிழாக் கூட்டத்தில் கேசட் கடை போட்டிருந்தேன். செல்லத்தாய் மகளோடு சாமி கும்பிட வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுக் கடைப் பக்கம் வந்தார். சாப்பிட்டீகளா பாய் என்று கேட்டார். வியாபாரம் எப்படி என்று கேட்டார். பிறகு, நெடுநாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்கிறவர் போல, அன்றைக்கு ஆபீஸில் முதலில் எதற்கு ‘வா’ என்று அர்த்தம் சொன்னீர்கள் என்றார். உங்கள் வேலை போய்விடக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“வேல போனா இன்னொரு கம்பெனிக்குப் போவேன் பாய். எங்ககிட்ட இருந்து பாட்ட நீங்க புடுங்கிட்டுப் போயிட்டீகன்னா, நாளைக்கு அவுக இருக்கச் சொல்லும்போது நாங்க என்னத்தச் சொல்லி எந்திரிக்க?”

அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார்.

பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்ட பெண்ணே, நான் அந்தப் பாட்டை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருக்கன்குடிக்குப் பிறகு, ஒரு பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று யார் என்னிடம் கேட்டாலும் நான் உடனே சொல்வதில்லை. உங்களுக்கு எப்படிக் கேட்டது என்றுதான் முதலில் கேட்கிறேன்.